மேஜர் பதில்கள்: இரவல் படையின் தளபதி

போன இதழில் 1944 ஜூன் 6 நார்மண்டித் தரையிறக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அமெரிக்கர், பிரிட்டிஷார், கனடியர் எல்லோரையும் சேர்த்து ஐசன்ஹோவர் என்ற ஒரே அமெரிக்கத் தளபதி எப்படிக் கட்டி மேய்த்தார் என்று கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசை கொள்ளவில்லை. அதனால் இந்த முறை வேறு விஷயம் கிடையாது.

கேள்வி: ஐசன்ஹோவர் அதற்கு முன் ஒரு சண்டையில்கூடப் படை நடத்தியவர் இல்லை என்று என் மகன் சொல்கிறான். உண்மையா? பிறகு எப்படி அவரிடம் இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்தார்கள்?
லாரி உரிமையாளர், நாமக்கல்

உங்கள் மகன் சொல்வது சரி. முதல் உலகப் போர் நடந்தபோது அவர் பிரான்ஸ் பக்கமே போகவில்லை. கெட்டிஸ்பர்க்கில் டாங்கிப் படைக்கு ஆள் பழக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் 1920 முதல் 1936 வரை, பதினாறு வருடம், மேஜர். நானும் மேஜராகவே ஓய்வு பெற்றவன். எங்கள் இருவருக்கும் உள்ள ஒற்றுமை அதோடு முடிந்தது.

லாரிக்காரர் நீங்கள் கேட்டதால் ஒன்று சொல்கிறேன். 1919-இல் அமெரிக்க ராணுவம் வாஷிங்டனிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை ஒரு வாகன அணியை ஓட்டிப் பார்த்தது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல். வழியில் பாலம் உடைந்தது, சக்கரம் சேற்றிலும் மணலிலும் புதைந்தது, போய்ச் சேர 62 நாள் ஆயிற்று. அதில் பார்வையாளராகக் கூடப் போனவர் இந்த ஐசன்ஹோவர். ஒரு படை எங்கே போய் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் சாலையும் டீசலும்தான் முடிவு செய்கின்றன. அதைப் பதுங்குகுழியில் உட்கார்ந்து கற்றவர்களை விட, சேற்றில் சிக்கிய லாரியின் பக்கத்தில் நின்று கற்றவர்களுக்குக் கூடுதலாகத் தெரியும். நான் சப்ளை பிரிவில் இருந்தவன். கொஞ்சம் ஓரவஞ்சனையாகவே சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நார்மண்டிப் பொறுப்பு முதலில் அமெரிக்க ராணுவத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷலுக்குத்தான் போகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரை வாஷிங்டனை விட்டு அனுப்ப அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு மனமில்லை. அடுத்தபடியாக, 1942 நவம்பரில் வட ஆப்பிரிக்காவில் அமெரிக்கரையும் பிரிட்டிஷாரையும் ஒரே அலுவலகத்தில் உட்காரவைத்து வேலை வாங்கிக் காட்டியிருந்தவர் இவர்தான். அந்த அலுவலகத்தில் ஒரு அமெரிக்க அதிகாரி, பிரிட்டிஷ் சகா ஒருவரைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார். விசாரித்த ஐசன்ஹோவர், "திட்டினது கூடப் போகட்டும், அதுக்கு முன்னால் 'பிரிட்டிஷ்'னு சேர்த்தியே, அதுதான் தப்பு" என்று சொல்லி அந்த ஆளை ஊருக்கு அனுப்பிவைத்ததாக ஒரு கதை உண்டு. தேடியது அப்படிப்பட்ட ஆளைத்தான்.

கேள்வி: என்.சி.சி. வகுப்பில் 'மேலதிகாரி உத்தரவிட்டால் கீழ்ப்படிய வேண்டும்' என்கிறார்கள். கூட்டுப்படைத் தளபதி உத்தரவிட்டால் எல்லா நாட்டுப் படைகளும் கீழ்ப்படியுமா?
கல்லூரி மாணவி, சேலம்

கீழ்ப்படியும், சொந்த நாடு தலையாட்டினால்.

இதில் ஒளிவுமறைவே கிடையாது தங்கச்சி, எழுதியே வைத்திருப்பார்கள். 1918 மார்ச்சில் ஜெர்மானியர் பிரிட்டிஷ் அணியை உடைத்துக்கொண்டு வந்தபோதுதான் பிரான்சும் பிரிட்டனும் அலறியடித்து ஃபோஷ் என்ற பிரெஞ்சுத் தளபதியைப் பொதுத் தலைவராக்கின. நான்காவது வருடம் நடக்கிற போர் அது! அப்போதுகூட ஒரு நிபந்தனை போட்டார்கள்: ஃபோஷின் உத்தரவு தன் படைக்கு ஆபத்து என்று ஒரு நாட்டுத் தளபதி நினைத்தால், தன் அரசாங்கத்திடம் நேரே முறையிடலாம். இப்போது வரை எல்லாக் கூட்டுப்படைகளிலும் இந்த நிபந்தனை ஏதோ ஒரு உருவத்தில் இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் நேட்டோ தலைமையில் ஏறக்குறைய ஐம்பது நாடுகள் நின்றன. 'வடக்கை விட்டு வரமாட்டோம்', 'இன்ன வேலைக்கு எங்கள் ஆளை அனுப்பக் கூடாது' என்று பல நாடுகள் தனித்தனிப் பட்டியல் கொடுத்திருந்தன. தலைமையகத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும், கால்பந்து நடுவர் போல 'சிவப்பு அட்டை' காட்டும் அதிகாரி ஒருவர் உண்டு. அவர் அட்டையைத் தூக்கினால் அந்த நாட்டுப் படை அந்த நடவடிக்கையில் இல்லை.

ஐசன்ஹோவருக்கும் இதே கதைதான். 1944 மார்ச்சில், தரையிறங்க மூன்று மாதம்கூட இல்லை, இங்கிலாந்தில் நின்ற கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் அவர் கையில் இல்லை. அவற்றின் தளபதிகளான பிரிட்டிஷ் ஹாரிஸும் அமெரிக்க ஸ்பாட்ஸும் ஜெர்மன் நகரங்களையும் ஆலைகளையும் விட்டு வர மறுத்தார்கள். ஐசன்ஹோவருக்குப் பிரான்சின் ரயில் சந்திப்புகளை நொறுக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் ஜெர்மன் டாங்கிகள் கடற்கரைக்கு வந்து சேர்ந்துவிடும். விமானம் தராவிட்டால் பதவியை விட்டுப் போகிறேன் என்று சொல்லும் வரை விஷயம் முற்றியது. கடைசியில் எங்கே முட்டி நின்றது தெரியுமா? ஒரே ஒரு சொல்லில். விமானங்கள் மீது அவருக்கு 'மேற்பார்வை' என்று பிரிட்டிஷார் எழுதிக்கொண்டுவந்தார்கள். அவர் கேட்டது கட்டளை. ரெண்டும் வேண்டாம் என்று 'டைரக்‌ஷன்' என்ற சொல்லில் ஒத்துப்போனார்கள். நம் ஊர் பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் இப்படி ஒரு சொல்லுக்காக நாலு நாள் இழுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஜனவரியில் இன்னும் மோசம். ஜெர்மானியர் பிரான்சின் அல்சாஸில் தாக்க, அணியைச் சுருக்குவதற்காக ஸ்ட்ராஸ்பர்க் நகரை விட்டுப் பின்வாங்கச் சொன்னார் ஐசன்ஹோவர். வரைபடத்தில் பார்த்தால் கணக்கு சரி. ஆனால் அந்த நகரை பிரெஞ்சுப் படை மீட்டு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. திரும்ப ஜெர்மானியரிடம் விட்டால் அங்குள்ள மக்கள் கதி என்ன? பிரெஞ்சுத் தலைவர் டி கோல் முடியாது என்றார். ஐசன்ஹோவர், உங்கள் படைக்குத் தோட்டாவும் பெட்ரோலும் நிறுத்துவேன் என்றார். அப்படியானால் பிரெஞ்சு ரயில்களை நீங்கள் தொட முடியாது என்றார் அவர். சர்ச்சிலும் உடனிருக்க வெர்சாயில் உட்கார்ந்து பேசினார்கள். உத்தரவு மாறியது, நகரம் கைவிடப்படவில்லை. உச்சத் தளபதி இறங்கி வந்தார். இறங்கி வந்தது சரி என்பது என் கட்சி.

கேள்வி: நம் ஊர்த் தேர்தல் கூட்டணிக்கும் போர்க் கூட்டணிக்கும் என்ன வித்தியாசம்?
தேநீர்க்கடை நண்பர்கள் குழு, தேனி

அங்கேயும் தொகுதிப் பங்கீடு உண்டு. நார்மண்டியில் ஐந்து கடற்கரை: அமெரிக்காவுக்கு இரண்டு, பிரிட்டனுக்கு இரண்டு, கனடாவுக்கு ஒன்று.

கேள்வி: பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி அவ்வளவு தலைக்கனம் பிடித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். ஐசன்ஹோவர் ஏன் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை? என் பள்ளியில் அப்படி ஒரு ஆசிரியர் இருந்திருந்தால் மாற்றலுக்கு எழுதியிருப்பேன்.
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கும்பகோணம்

நீங்கள் மாற்றலுக்கு எழுதலாம் அம்மா. அந்த ஆசிரியரின் சம்பளம் வேறொரு நாட்டுக் கஜானாவிலிருந்து வந்து, அந்த நாட்டு மக்களுக்கு அவர் குலதெய்வமாகவும் இருந்தால்? எகிப்தில் எல் அலமெய்ன் வெற்றிக்குப் பிறகு பிரிட்டனில் மான்ட்கோமரியின் செல்வாக்கு அந்த அளவு.

உரசல் முதல் நாளே தொடங்கிவிட்டது. 1942 மே மாதம் மான்ட்கோமரி ஒரு விளக்கக் கூட்டம் நடத்திக்கொண்டிருக்கிறார், பார்க்க வந்த ஐசன்ஹோவர் சிகரெட் பற்றவைக்கிறார். யார் புகைப்பது என்று கேட்டு, என் அலுவலகத்தில் கூடாது என்கிறார் மான்ட்கோமரி. பேசாமல் அணைத்தார் ஐசன்ஹோவர். ஒரு நாளைக்கு நாலு பாக்கெட் ஊதுகிற மனிதர் என்பதை நினைவில் வையுங்கள்.

1944 செப்டம்பர் 10, பிரஸ்ஸல்ஸ் விமான நிலையம். ஐசன்ஹோவருக்கு முழங்காலில் அடி, விமானத்தை விட்டு இறங்க முடியவில்லை. மான்ட்கோமரி உள்ளே ஏறி வந்ததும் முதல் வேலையாக, ஐசன்ஹோவருடன் வந்த நிர்வாக அதிகாரி கேலை வெளியே போகச் சொன்னார். தன்னுடைய ஆள் மட்டும் இருக்கலாமாம்! கேல் யார்? சப்ளை பார்ப்பவர். அன்றைக்குப் பேச்சே சப்ளை பற்றித்தான். (இதை எப்போது படித்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கும்.) பிறகு ஐசன்ஹோவர் அனுப்பிய தந்திகளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, மாணவன் நோட்டைத் திருத்துவது போலக் கிழிகிழியென்று கிழித்தார். ஐசன்ஹோவர் குறுக்கே பேசவில்லை. மான்ட்கோமரி மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் முழங்காலில் கை வைத்து, "நிதானம் மான்ட்டி. என்னிடம் நீ இப்படிப் பேசக் கூடாது. நான் உன் மேலதிகாரி" என்றார். மான்ட்கோமரி வருத்தம் தெரிவித்தார். அதே விமானத்தில் அவர் கேட்ட, ஹாலந்தின் ஆர்னெம் வான்படைத் திட்டத்துக்கு அனுமதியும் வாங்கிக்கொண்டு இறங்கினார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பொறுமைக்கும் எல்லை வந்தது. டிசம்பரில் ஜெர்மானியர் ஆர்டென் காட்டில் பாய்ந்தபோது, வடபுறத்து அமெரிக்கப் படைகள் இரண்டை ஐசன்ஹோவர் மான்ட்கோமரியிடம் ஒப்படைத்தார். அதுவரை அவற்றுக்கு மேலே இருந்த அமெரிக்கத் தளபதி பிராட்லி கொதித்துப்போனார். இந்தச் சமயம் பார்த்து மான்ட்கோமரி, தரைப்படை முழுவதுக்கும் ஒரே தளபதி வேண்டும், அது நான்தான் என்கிற தொனியில் கடிதம் எழுதுகிறார். 'அவரா நானா, முடிவு செய்யுங்கள்' என்று மேலிடத்துக்குப் போக வேண்டிய செய்தி தயாராகிவிட்டது. மான்ட்கோமரிக்குப் பதிலாக இன்னொரு பிரிட்டிஷ் தளபதி அலெக்ஸாண்டர் வரலாம் என்ற பேச்சும் இருந்தது. மான்ட்கோமரியின் தலைமை உதவியாளர் டி கிங்காண்ட் மோசமான வானிலையில் பறந்து வந்து, ஒரு நாள் பொறுங்கள் என்று கெஞ்சிவிட்டு, திரும்பிப் போய்த் தன் முதலாளியிடம் 'உங்கள் வேலை போகப்போகிறது' என்றார். மான்ட்கோமரிக்கு அப்போதுதான் உறைத்தது. கிழித்துப் போட்டுவிடுங்கள் என்று மன்னிப்புக் கடிதம் வந்தது, "தங்கள் விசுவாசமுள்ள கீழ்ப்பணியாளன்" என்று கையெழுத்திட்டு. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த வீரர் டி கிங்காண்ட். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, அந்தப் பொறுமை முழுக்க நல்லதா? என் எண்ணம், இல்லை. செப்டம்பர் 4-ஆம் தேதி ஆண்ட்வெர்ப் துறைமுகம் ஒரு கீறல்கூட இல்லாமல் கைக்கு வந்தது. ஆனால் அங்கிருந்து கடல் வரைக்கும் உள்ள ஷெல்ட் ஆற்று முகத்துவாரம் ஜெர்மானியர் கையில். அதை உடனே சுத்தம் செய் என்று மான்ட்கோமரியைக் கழுத்தைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆலோசனையும் வேண்டுகோளுமாக வாரங்கள் ஓடின. முதல் கப்பல் வரிசை உள்ளே வந்தது நவம்பர் 28. கிட்டத்தட்ட மூன்று மாதம், கையில் சாவி இருந்தும் வாசலில் நின்ற மாதிரி.

கேள்வி: எங்கட பேராதனைப் பூங்காவில மவுன்ட்பேட்டன்ர தலைமையகம் இருந்தது எண்டு அப்பப்பா சொல்லுவார். அங்கையும் இப்பிடிப் பிரச்சினையள் இருந்ததோ?
வாசகர், கண்டி

அப்பப்பா சொன்னது சரிதான். மவுன்ட்பேட்டன் உச்சத் தளபதியாக இருந்த தென்கிழக்கு ஆசியக் கட்டளையகம் டெல்லியிலிருந்து 1944 ஏப்ரலில் கண்டிக்கு மாறியது. இருந்த இடம் பேராதனைத் தாவரவியல் பூங்கா.

பிரச்சினை பெயரிலேயே இருந்தது. அந்தக் கட்டளையகத்தின் ஆங்கில முதலெழுத்துகள் நான்கையும் சேர்த்து, 'இங்கிலாந்தின் ஆசியக் காலனிகளைக் காப்பாற்று' என்று விரித்துப் படித்தார்கள் அமெரிக்கர்கள். தங்கள் பையன்கள் பர்மாவில் சாவது சீனாவுக்குச் சாலை போடத்தானே ஒழிய, வெள்ளைக்காரத் துரைக்கு ரங்கூனை மீட்டுக் கொடுக்க இல்லை என்பது அவர்கள் நினைப்பு. முழுத் தவறு என்று சொல்ல முடியாது.

அந்த நினைப்புக்கு உருவம் கொடுத்தால் அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல். மவுன்ட்பேட்டனுக்குத் துணைத் தளபதி. அதே நேரத்தில் சீனத் தலைவர் சியாங் கை ஷேக்குக்குப் படைத் தலைமை அதிகாரி. அதே நேரத்தில் பர்மாக் காட்டுக்குள் சீனப் படைகளை நடத்துகிறவர். மூன்று தொப்பி, ஒரு தலை. பிரிட்டிஷ் ஜெனரல் கிஃபர்டின் கீழ் வேலை செய்ய மாட்டேன் என்று அடம்பிடித்தார். மவுன்ட்பேட்டன் என்ன சொல்லியும் மசியவில்லை. திடீரென்று, பதவியில் தன்னை விடச் சிறியவரான பதினான்காம் படைத் தளபதி ஸ்லிம்மைக் காட்டி, பர்மாவின் கமைங் ஊர் போய்ச் சேரும் வரை இவருக்குக் கீழே இருக்கிறேன் என்றாரே பார்க்கலாம்! துணை உச்சத் தளபதி ஒரு படைத் தளபதிக்குக் கீழே, அந்தத் தளபதி கிஃபர்டுக்குக் கீழே, அவர் மறுபடி உச்சத் தளபதிக்குக் கீழே. எந்தப் பாடப்புத்தகத்திலும் இப்படி ஒரு படம் வரைய முடியாது. ஆனால் ஸ்டில்வெல் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், வேலை நடந்தது. ஸ்லிம்மின் முகத்துக்காக நடந்தது என்றே சொல்வேன்.

கேள்வி: எல்லோருக்கும் ஆங்கிலம் தெரிந்தால் மொழிப் பிரச்சினை இருக்காதல்லவா?
வங்கி ஊழியர், காரைக்குடி

ஆங்கிலம் தெரிந்தவர்களிடம்தான் ஆபத்தே. கொரியா, 1951 ஏப்ரல், இம்ஜின் ஆறு. சீனப் படை அலை அலையாக வருகிறது. பிரிட்டிஷ் பிரிகேடியர் பிராடி தனக்கு மேலே இருந்த அமெரிக்க ஜெனரலிடம் நிலைமை "கொஞ்சம் சிக்கல்" என்கிற பொருளில் சொன்னார். பிரிட்டிஷ்காரன் அப்படிச் சொன்னால் தலைக்கு மேல் வெள்ளம் என்று அர்த்தம். அமெரிக்கர், சமாளித்துக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். குளோஸ்டர் படைப்பிரிவு ஒரு குன்றில் மாட்டிக்கொண்டது. பெரும்பாலோர் செத்தார்கள் அல்லது சிறைப்பட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஒரு கூட்டத்தில் ஒரு காகிதத்தை 'டேபிள்' செய்வதா வேண்டாமா என்று இரு தரப்பும் நெடுநேரம் சண்டை போட்டதைச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் வழக்கில் அது உடனே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்க வழக்கில் கிடப்பில் போடுவது. இரு தரப்பும் கேட்டது ஒன்றையே!

எங்கள் ரேடியோ வகுப்பில் முதல் நாளே அடித்துச் சொல்வார்கள்: காதில் விழவில்லையென்றால் 'ரிப்பீட்' என்று கேட்காதே, 'சே அகெய்ன்' என்று கேள். பீரங்கிக்காரனுக்கு 'ரிப்பீட்' என்றால் அதே இடத்தில் இன்னொரு தடவை சுடு.

கேள்வி: பல நாட்டுப் படைக்கு ஒரே சமையலா?
சமையல் கான்ட்ராக்டர், விருதுநகர்

உங்கள் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஆப்பிரிக்காவில் ஒரு ஐ.நா. அமைதிப்படையில் ஒரு வருடம் ரேஷன் மேசையில் உட்கார்ந்திருந்தேன். காகிதத்தில் எல்லோருக்கும் இத்தனை கலோரி. நேரில், ஒரு நாட்டாருக்குப் பன்றி ஆகாது, எங்களுக்கு மாடு ஆகாது, ஒருவருக்குச் சோளமாவு இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. நம் பையன்களுக்கு வந்து சேர்ந்த மாவில் சப்பாத்தி திரட்டினால் அப்பளம் போல் உடைந்தது. லங்கர் (சமையற்கூட) கமாண்டர் தினமும் காலையில் ஒரு உடைந்த சப்பாத்தியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சல்யூட் அடித்துவிட்டுப் போவார். அந்த மனிதருக்குப் பயந்தே மாவை மாற்ற ஏற்பாடு செய்தேன்.

ஒரு நாள் பக்கத்துப் படைமுகாமுக்குத் தண்ணீர் லாரி அவசரமாகத் தேவைப்பட்டது. இன்னொரு நாட்டுக் கர்னலிடம் உபரியாக இரண்டு நின்றது. கேட்டேன். மிக மரியாதையாகக் காபி கொடுத்து, எங்கள் தலைநகரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். தலைநகரில் அன்று விடுமுறை. எங்களுக்கெல்லாம் மேலே ஒரே படைத்தலைவர் இருந்தார். அவர் கையெழுத்தும் என் கையில் இருந்தது. மூன்றாம் நாள் லாரி வந்தது, ஆனால் கையெழுத்துக்காக வரவில்லை. அந்தக் கர்னலின் மெஸ்ஸுக்கு இரண்டு கிலோ மிளகாய்த்தூளும் ஒரு மூட்டை பாசுமதியும் போன பிறகு வந்தது.

கேள்வி: இந்தியர் யாரும் இப்படிப் பல நாட்டுப் படையை நடத்தியதில்லையா?
ஆட்டோ ஓட்டுநர், புதுச்சேரி

ஐ.நா. கொடியின் கீழ் நிறையப் பேர். கூட்டணிப் போர் வேறு, அமைதிப்படை வேறு என்றாலும் தலைவலி ஒன்றே. 1953-இல் கொரியாவில், ஊர் திரும்ப மறுத்த இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க் கைதிகளைக் கவனிக்க ஐந்து நாட்டு ஆணையம் அமைத்தார்கள். தலைவர் நம் ஜெனரல் திம்மையா. ஒரு பக்கம் போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும், மறு பக்கம் ஸ்வீடனும் சுவிட்சர்லாந்தும், நடுவில் நாம். தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்தியச் சிப்பாய் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்றார். அதனால் நம் படையைக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கி, நேரே நடுநிலைப் பகுதியில் இறக்கினார்கள். திம்மையா பின்னாளில் சைப்ரஸில் ஐ.நா. படையை நடத்திக்கொண்டிருக்கும்போதே, 1965 டிசம்பரில் காலமானார்.

கசப்பான கதையும் உண்டு. 2000-இல் சியரா லியோனில் ஐ.நா. படைக்குத் தலைவர் நம் மேஜர் ஜெனரல் ஜெட்லி. கைலாஹுனில் முற்றுகையில் இருந்த 222 கூர்க்கா வீரர்களையும் 11 ராணுவப் பார்வையாளர்களையும் ஜூலையில் 'ஆபரேஷன் குக்ரி' மீட்டது. பிரிட்டிஷ் சினூக் ஹெலிகாப்டர்களும் உதவின. ஆனால் நைஜீரியர்களைக் குறை சொல்லி ஜெட்லி எழுதிய உள்குறிப்பு பத்திரிகைக்குக் கசிந்தது. நைஜீரியா கொந்தளித்தது, அதே செப்டம்பரில் இந்தியா தன் படையைத் திரும்ப அழைப்பதாக அறிவித்துவிட்டது. அவர் எழுதியது சரியா தவறா என்பது இருக்கட்டும். கூட்டாளியைப் பற்றி நினைப்பதைக் காகிதத்தில் எழுதுகிற உரிமை அந்த நாற்காலியில் இருப்பவருக்குக் கிடையாது.

கேள்வி: தரையிறக்கம் தோற்றால் வெளியிட என்று ஐசன்ஹோவர் ஒரு கடிதம் எழுதிவைத்திருந்ததாக ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அதில் என்ன இருந்தது?
தமிழாசிரியை, திண்டிவனம்

கடிதம் என்பதை விடத் துண்டுச் சீட்டு, பென்சிலில் எழுதியது. முந்தின நாட்களில் சவுத்விக் மாளிகையில் வானிலை அதிகாரி ஸ்டாக், ஜூன் 5 ஆகாது என்றார். பிறகு 6-ஆம் தேதி காற்று சற்று அடங்கும் என்றார். அறையில் இருந்த தளபதிகளிடையே இரண்டு கருத்து. அது லண்டனையோ வாஷிங்டனையோ கேட்காமல் அவரே சொல்ல வேண்டியிருந்த முடிவு, போகலாம் என்றார். சொன்ன பிறகு அவருக்குச் செய்ய வேலையில்லை. உட்கார்ந்து அந்தச் சீட்டை எழுதினார்: தரையிறக்கம் தோல்வி, படைகளைத் திரும்ப அழைத்துவிட்டேன், வீரர்கள் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள், குற்றம் ஏதும் இருந்தால் அது என் ஒருவனுடையது.

நீங்கள் தமிழாசிரியை என்பதால் இது. முதலில் அவர் எழுதியது 'படைகள் திரும்ப அழைக்கப்பட்டன' என்கிற பாணியில். அதை அடித்துவிட்டு, 'அழைத்துவிட்டேன்' என்று மாற்றினார். செயப்பாட்டுவினை செய்வினை ஆயிற்று. 'என் ஒருவனுடையது' என்பதற்குக் கீழே கோடும் போட்டார். பதற்றத்தில் ஜூன் 5 என்பதற்கு ஜூலை 5 என்று தேதி எழுதி, மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து அது கண்ணில் பட, தூக்கிப் போட இருந்ததை உதவியாளர் ஒருவர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டதால் நமக்குக் கிடைத்தது.

வினை வகைகள் நடத்தும்போது உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. என் பெயரைச் சொல்ல வேண்டாம், பள்ளியில் என் தமிழ் மதிப்பெண் என்னவென்று பிள்ளைகள் விசாரிக்கப் போகிறார்கள்.